விபத்து இழப்பீட்டுக்கு வக்கீல் வேண்டுமா? வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் போட வேண்டிய கணக்கு

சாலை விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போதே ஒருவர் வந்து நிற்பார். "கேஸை நாங்க பார்த்துக்கறோம், பைசா செலவு இல்லை, கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார். பெரும்பாலும் அவர் வக்கீலாக இருக்க மாட்டார், வக்கீலுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவராக இருப்பார். அவர் போன பிறகு பார்க்க வரும் உறவினர், "வக்கீல்கிட்டப் போனா பாதி அவருக்கே போயிடும், பேசி முடிச்சுக்கோ" என்பார். காயம் எப்படிப்பட்டது, எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று இரண்டு பேருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

முடிவு எடுக்க இரண்டு கேள்விகள் போதும். இந்தக் காயம் இனிமேல் நீங்கள் சம்பாதிக்கப் போவதைக் குறைக்குமா? தவறு யாருடையது, பணம் கொடுக்க வேண்டியவர் யார் என்பதில் தகராறு வருமா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால் வக்கீல் இல்லாமலே முடிக்க வழி இருக்கிறது. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் வக்கீல் வைப்பதுதான் லாபம். இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் நடந்த வாகன விபத்தில் காயம்பட்டவர்களுக்கானது. அடிப்படைச் சட்டம் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். வழக்கு நடக்கும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். நீதிமன்ற வளாகத்தில் 'எம்.சி.ஓ.பி.' (இழப்பீட்டு மனுவின் சுருக்கப் பெயர்) என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

முதல் வாரம்: வக்கீல் வைத்தாலும் வைக்காவிட்டாலும்

வழக்கின் பாதி பலம் முதல் வாரத்துக் காகிதங்களில் இருக்கிறது. அப்போது விழுந்த ஓட்டையைப் பிறகு எவ்வளவு பெரிய வக்கீல் வந்தாலும் முழுதாக அடைக்க முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு. ஏ.ஆர். காப்பி என்பார்கள். அடிபட்டவரை அழைத்து வந்தவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லியிருப்பார், டியூட்டி டாக்டரும் 'தானாக விழுந்தது' என்று எழுதியிருப்பார். போலீஸ் விவகாரம் வேண்டாம் என்று நினைக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இப்படி எழுதப்படுவது உண்டு. இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது இந்த வரியைத்தான்: "மோதியதாக எங்கேயும் இல்லையே, பிறகு ஒரு வண்டியைச் சேர்த்திருக்கிறீர்கள்." எந்த வண்டி மோதியது, எங்கே, எத்தனை மணிக்கு என்பது முதல் பதிவிலேயே இருக்க வேண்டும். இல்லை என்று தெரிந்தால் போலீஸ் வாக்குமூலத்திலாவது உடனே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது முதல் தகவல் அறிக்கை. "ஸ்டேஷனிலேயே பேசிக்கலாம்" என்று பத்தாயிரமோ இருபதாயிரமோ வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். ஸ்கேனில் ஜவ்வு கிழிந்தது தெரிய வரும்போது எஃப்.ஐ.ஆர். இருக்காது, மோதியவரின் போன் எண்ணும் மாறியிருக்கும். புகார் சில நாள் தாமதமானது என்பதற்காக மட்டும் இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் சொல்லியிருக்கிறது. அதனால் தாமதமானாலும் கொடுங்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மத்திய விதிகளின்படி, போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. பாதிக்கப்பட்டவருக்கும் நகல் தர வேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் இது ஒரே ஒழுங்கில் நடக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்க்க வேண்டிய காகிதங்கள்: எஃப்.ஐ.ஆர்., சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே படங்கள் (அறிக்கை மட்டும் போதாது, படமே வேண்டும்), ஒவ்வொரு மருந்துக் கடை பில்லும் அதற்கான டாக்டர் சீட்டும், ஆட்டோ, ஆம்புலன்ஸ் ரசீதுகள். வருமானத்துக்குச் சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், நலவாரிய அட்டை என்று எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். வெப்பத் தாளில் அச்சான பில்கள் ஓராண்டில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே நகல் எடுங்கள்.

எதிர் வண்டியின் பதிவு எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்று தெரியும். விபத்து நாளன்று அது உயிரோடு இருந்ததா என்பதுதான் முக்கியம்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணையாளர் வீட்டுக்கு வந்து வாக்குமூலம் எழுதிக் கேட்பார். பேசுவதில் தவறில்லை. அவர் எழுதியதை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள்.

தொகையை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்

வக்கீல் தேவையா என்று தெரிய, என்ன தொகை பந்தயத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கணக்கு அப்படியொன்றும் ரகசியம் இல்லை.

காயத்துக்கான இழப்பீட்டில் வைத்தியச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, உடனிருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, படுத்திருந்த மாதங்களின் சம்பளம், வலி வேதனை, இனி வரும் வைத்தியம், இனி குறையப்போகும் வருமானம் என்று பல தலைப்புகள் உண்டு. கடைசித் தலைப்பைத் தவிர மற்றவை பெரும்பாலும் பில்லை வைத்துக் கூட்டிப் பார்ப்பதுதான். சண்டை முழுவதும் அந்தக் கடைசித் தலைப்பில்தான்.

ஓர் உதாரணம். 32 வயதுக் கொத்தனார், மாத வருமானம் 15,000 ரூபாய், தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள், முழங்கால் முழுதாக மடங்கவில்லை. அரசு ஆஸ்பத்திரி மெடிக்கல் போர்டு 40 சதவீத ஊனம் என்று எழுதியிருக்கிறது. இதைத் தீர்ப்பாயம் இரண்டு விதமாகக் கணக்கிடலாம்.

முதல் விதம், ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஒரு தொகை வைப்பது. ஒரு சதவீதத்துக்கு 5,000 என்று எடுத்தால் 40 சதவீதத்துக்கு 2,00,000 ரூபாய்.

இரண்டாவது விதம், பெருக்கி முறை: ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கி, போன திறனின் சதவீதத்தை எடுப்பது. ஆண்டு வருமானம் 1,80,000. சொந்தத் தொழில் அல்லது நிலையான சம்பளத்தில் இருக்கும் 40 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு வகுத்த அளவு. ஆக 2,52,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கி எண் 16. இது 2009-ன் சரளா வர்மா தீர்ப்பில் வந்த அட்டவணை. கால் மடங்காததால் சாரத்தில் ஏற முடியாத கொத்தனாரின் சம்பாத்தியத் திறன் 25 சதவீதம் போயிற்று என்று தீர்ப்பாயம் ஏற்றால், 2,52,000 × 16 × 25% = 10,08,000 ரூபாய். 40 சதவீதமும் போயிற்று என்று ஏற்றால் 16,12,800.

ஒரே கால், ஒரே சான்றிதழ். இரண்டு லட்சமா, பத்தா, பதினாறா என்பது எந்த முறையில், எந்த சதவீதத்தில் கணக்கு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. போர்டு தரும் உடல் ஊன சதவீதமும் தொழிலில் ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதே காயம் மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் எழுத்தருக்கு ஏறக்குறைய எந்த இழப்பையும் தராமல் போகலாம், ஓட்டுநருக்குப் பிழைப்பையே பறிக்கலாம். இதைச் சாட்சியத்தில் நிறுவ வேண்டும்: அவர் என்ன வேலை பார்த்தார், அந்த வேலைக்கு முழங்கால் ஏன் வேண்டும், இப்போது என்ன முடியவில்லை. வக்கீல் சம்பாதித்துக் கொடுப்பது இந்த இடத்தில்தான்.

சம்பளச் சான்று இல்லை என்று தயங்க வேண்டாம். 2008-ல் விபத்தில் கால் போன ஒரு காய்கறி வியாபாரிக்கு எந்தச் சான்றும் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்களுக்கும் உத்தேச வருமானம் வைத்தே கணக்கிட வேண்டும்.

இரண்டரை லட்சம்: யாருக்கு லாபம், யாருக்குப் பொறி

சட்டத்தின் 164-ம் பிரிவு, தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லாமல், கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாயும் மரணத்துக்கு 5,00,000 ரூபாயும் என்று வைத்திருக்கிறது. எலும்பு முறிந்தாலோ மூட்டு நழுவினாலோ அது கொடுங்காயம்தான்.

மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரம் கட்டுப் போட்டு, முழுதாகக் கூடிவிட்டது, பழைய வேலைக்கே திரும்பிவிட்டீர்கள் என்று வையுங்கள். வைத்தியம் 38,000, இரண்டு மாதச் சம்பளம் 30,000, வலி வேதனைக்குக் கொஞ்சம். தவறை நிரூபித்து 166-ம் பிரிவில் வழக்காடினாலும் 164 தரும் தொகையை எட்டுவது கஷ்டம். இங்கே நீண்ட வழக்குக்கு அவசியமே இல்லை.

கொத்தனாருக்குக் கதை வேறு. 164-ல் பணத்தை ஏற்றுக்கொண்டால் 166-ல் போட்ட மனு காலாவதி ஆகிவிடும். இரண்டரை லட்சத்தை வாங்கிக்கொண்டு, மீதியை வழக்கில் பார்க்கலாம் என்பது நடக்காது. கம்பெனி சீக்கிரமாகவும் சிரித்த முகத்தோடும் முன்வைக்கும் தொகை எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. 149-ம் பிரிவில் இன்சூரன்ஸ் அதிகாரி 30 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தின் முன் ஒரு தொகை சொல்ல வேண்டும். அதை ஏற்றால் சம்மதத் தீர்வாகப் பதிவாகி, 30 நாட்களுக்குள் பணம் வரும். ஏற்காவிட்டால் விசாரணைக்கு நாள் குறிப்பார்கள். மறுப்பதால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை.

எலும்பு கூடாத நிலையில், கம்பி எடுக்க இன்னோர் ஆபரேஷன் பாக்கி இருக்கும்போது, எந்தத் தொகையையும் முடிவான தொகையாக ஏற்காதீர்கள். பிறகு வரும் செலவுக்கு இரண்டாவது மனு கிடையாது.

வக்கீல் இல்லாமல் முடிக்கக்கூடியவை

முழுதாக ஆறிய காயம், இன்சூரன்ஸ் உள்ள வண்டி, தகராறு இல்லாத எஃப்.ஐ.ஆர். ஆகிய மூன்றும் சேர்ந்தால், போலீஸ் அறிக்கையின் வழியாகவோ மக்கள் நீதிமன்றத்திலோ முடிக்கலாம். மக்கள் நீதிமன்றத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதை நினைவில் வைத்துத் தலையசையுங்கள்.

மோதிய வண்டி நிற்காமல் போய், எது என்றே தெரியவில்லை என்றால் தீர்ப்பாயத்துக்குப் போகவே தேவையில்லை. கொடுங்காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2,00,000 என்று 2022 முதல் நடக்கும் திட்டத்தில், விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை விசாரணை அதிகாரியிடம் படிவம் கொடுக்க வேண்டும். உத்தரவு போடுபவர் மாவட்ட ஆட்சியர். இதற்கு வக்கீல் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நீங்களே ஓட்டி, நீங்களே விழுந்தால், எதிராளி என்று யாரும் இல்லை. உங்கள் வண்டிப் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2018 முதல் அது 15 லட்சம். ஆனால் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்தான் அது பொருந்தும், சாதாரண எலும்பு முறிவுக்கு வராது.

இலவச வக்கீலும் உண்டு. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். தொலைபேசி 15100.

உடனே வக்கீல் வேண்டிய இடங்கள்

நிரந்தர ஊனம், தலைக்காயம், உறுப்பு இழப்பு, குடும்பத்தில் சம்பாதிப்பவரின் மரணம் ஆகியவற்றைப் பற்றி மேலே போட்ட கணக்கே சொல்லும். இன்னும் சில உண்டு.

எஃப்.ஐ.ஆர். உங்கள் மேலேயே பதிவாகியிருந்தால் தாமதிக்க வேண்டாம். ஹெல்மெட் போடவில்லை, மூன்று பேர் போனார்கள், லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி உங்கள் பங்குத் தவறைக் காட்டித் தொகையைக் குறைக்கப் பார்க்கும். மூன்று பேர் சென்றது மட்டுமே பங்குத் தவறு ஆகாது, அதனால்தான் விபத்து நடந்தது என்று காட்ட வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் அங்கே எடுத்து வைக்க ஆள் வேண்டும்.

எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் அவசரம் இன்னும் அதிகம். ஸ்டேஷனில் நிற்கும் வண்டி விடுவிக்கப்படும் முன், உரிமையாளரிடம் பிணை வாங்க வேண்டும் என்று மனுப் போட வேண்டும். வண்டி கைமாறிய பிறகு வெறும் தீர்ப்பு நகல்தான் மிஞ்சும்.

மோதியது அரசுப் பேருந்து என்றால், போக்குவரத்துக் கழகமே தன் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் வராமல், நிறைவேற்று மனுப் போட்டு, பேருந்து நிலையத்திலேயே பஸ்ஸை ஜப்தி செய்த செய்திகளைப் படித்திருப்பீர்கள். அந்தக் கட்டம் வரை நடத்தப் பொறுமையுள்ள வக்கீலாகப் பார்க்க வேண்டும்.

வேலையில் இருக்கும்போது அடிபட்ட லாரி டிரைவர், கிளீனர் போன்றோர் தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தின் கீழும் கேட்கலாம். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். தேர்ந்தெடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் ஆலோசனையாவது கேளுங்கள்.

கெடு

2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருப்பதைச் சொல்லி "அவசரமில்லை" என்பவர்கள் உண்டு. அவர்களை நம்ப வேண்டாம். மனுவை முதலில் போட்டுவிட்டு, ஊன மதிப்பீட்டைக் காயம் ஆறிய பிறகு செய்துகொள்ளலாம். மனுவில் கேட்ட தொகையைவிட அதிகமாகவும் தீர்ப்பாயம் தர முடியும். அதனால் தொகை தெரியவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கும் ஊர், எதிராளி இருக்கும் ஊர் ஆகிய மூன்றில் எங்கே வேண்டுமானாலும் போடலாம்.

வக்கீல் வைப்பதென்றால்

"வர்ற பணத்துல இத்தனை பர்சன்ட்" என்பதுதான் ஊரெங்கும் காதில் விழும் பேச்சு. இந்தியாவில் அது அனுமதிக்கப்பட்டதல்ல. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதி 20 தடுக்கிறது. தெலங்கானாவிலிருந்து வந்த வழக்கு ஒன்றில், கணவரை விபத்தில் இழந்த பெண்ணிடம் வக்கீல் கட்டணமாகச் செக் வாங்கி, அது திரும்பியதும் செக் மோசடி வழக்குப் போட்டார். சதவீதக் கட்டணமே சட்டவிரோதம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2017-ல் அந்த வழக்கை ரத்து செய்தது. எனவே கட்டணத்தை ஒரு குறிப்பிட்ட தொகையாக, தவணைகளாகப் பேசுங்கள்: தாக்கலின்போது இவ்வளவு, சாட்சியத்தின்போது இவ்வளவு, தீர்ப்பின்போது இவ்வளவு. டாக்டர் சாட்சிக்கும் நகல்களுக்கும் ஆகும் செலவு இதில் அடங்குமா என்பதையும் கேட்டு, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். கையில் பணம் இல்லாதவர்கள்தான் சதவீதத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள் என்பது உண்மை. அவர்களில் பலர் மேலே சொன்ன இலவச உதவிக்குத் தகுதியானவர்கள்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியது ஒன்றுதான் என்றால் இதைக் கேளுங்கள்: "என் விஷயத்தில் பெருக்கி முறை கேட்பீர்களா, சதவீத முறையா, ஏன்?" பதில் சொல்லத் தெரிந்தவரிடம் கொடுங்கள். உங்கள் வேலை என்ன என்று கூடக் கேட்காமல் தொகை சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

வக்காலத்தில், அதாவது உங்களுக்காக வழக்காட வக்கீலுக்கு அதிகாரம் தரும் பத்திரத்தில், உங்கள் சார்பில் பணம் பெறும் அதிகாரம் என்ற வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். வெற்றுப் பத்திரம், வெற்றுச் செக், ஏ.டி.எம். அட்டை எதையும் கொடுக்காதீர்கள். இழப்பீடு உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அசல் ஆவணங்களைக் கொடுக்கும்போது பட்டியல் எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

"தாக்கல் பண்ணியாச்சு" என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். குறை சொல்லித் திருப்பப்பட்ட மனு மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும். எம்.சி.ஓ.பி. எண்ணையும், வழக்குக்கென்றே தரப்படும் 16 எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். எண்ணையும் கேட்டு வாங்கினால், இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வாய்தாவையும் நீங்களே பார்க்கலாம்.

வக்கீலைப் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். கட்டண பாக்கிக்காக வழக்குக் காகிதங்களை நிறுத்தி வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. முறைகேடு என்றால் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடச் சொல்லுங்கள். தொகை குறைவு என்றால் உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு 90 நாள்தான். நகல் தயாராக ஆகும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது, நீங்கள் மனுப் போடாமல் கடத்திய நாட்கள் சேரும். சண்டையில் உள்ள தொகை ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் மேல்முறையீடே கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனி மேலே போனாலும், முன்பணம் கட்டித்தான் போக முடியும். அதற்கு நோட்டீஸ் வந்தால் புது வக்காலத்து, புதுக் கட்டணம் என்பதால், உயர் நீதிமன்றம் வரை யார் நடத்துவார் என்பதை முதல் நாள் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.